காதுக்கல்லில் நாற்பத்திரண்டு வளையம்

பிப்ரவரி 3
துறைமுகத்தில் மீன்வள ஆபீசுக்காக அண்ணன் படகின் மீன்களை அளந்தேன். அறுபத்தொரு மீன், ஒன்றுகூட என் முழங்கை நீளத்தைத் தாண்டவில்லை. அளவுத் தாளில் எழுதவே கை கூசியது.

பிப்ரவரி 5
அண்ணன் இரண்டு மடங்கு நீளத்தில், கண் துளைகள் இன்னும் பொடியாக ஒரு வலை சொல்லிவைத்திருக்கிறார். கடலில் விட்டால் தன்பாட்டுக்கு மிதந்துபோய், எதிர்ப்பட்டதை எல்லாம் செவுளோடு மாட்டிவைக்கும் வலை. பெரியது கிடைக்கவில்லை, அதனால் சின்னது — இதுதான் அவர் நியாயம். ஒரு தடவைகூட முட்டையிடாத மீன்கள் அவை என்றேன்.

“அளக்கிறதுதான் உன் வேலை. கடலை நான் பாத்துக்கறேன்.”

கோபத்தில் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். இப்போது பசிக்கிறது.

பிப்ரவரி 9
ஈரச் சாக்கில் ஒரு மீன் தலையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார் அண்ணன். அது அடைத்த இடத்தில் மேசையே காணோம். ஓயாமல் நீந்தினால்தான் மூச்சுவிட முடிகிற சாதி; வலையில் சிக்கி, நீந்த முடியாமல் மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது. சின்னதைப் பிடித்தால் பெரியது மிஞ்சாதென்று நான் இனி வாய் திறக்கக் கூடாதாம்.

பிப்ரவரி 10
தலைக்குள்ளிருந்த காதுக்கல்லை எடுத்துச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மரத்தைப் போல அதிலும் வருடத்துக்கு ஒரு வளையம். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டு.

அண்ணனுக்கும் நாற்பத்திரண்டுதான்! பொட்டளவு முட்டையிலிருந்து வந்து, அப்பா வலைக்குத் தப்பி, இத்தனை வருஷம் அண்ணன் வலைக்கும் தப்பி... எத்தனை கடல் சுற்றியிருக்கும்? இவ்வளவு நாளாய் நான் எதை அளந்துகொண்டிருந்தேன்?

பிப்ரவரி 11
அண்ணனை ஆபீசுக்கு இழுத்துவந்தேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். முப்பதில் எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து. அப்புறம் அவர் பிடித்த, அதே சாதிச் சின்ன மீனின் கல்லை வைத்தேன். இரண்டே வளையம்.

“இது எத்தன தடவ முட்ட போட்டிருக்கும்?”

“ஒரு தடவகூட இல்லண்ணா.”

“அந்தப் பெருசு?”

“வருஷா வருஷம். தடவைக்கு லட்சக்கணக்குல.”

படியிறங்கிப் போய்விட்டார்.

பிப்ரவரி 15
அண்ணி என்னை முறைக்கிறார், அண்ணன் பிழைப்பைக் கெடுக்கிறேனாம்.

மார்ச் 2
அண்ணன் படகை ஓட்டுகிறவர் என்னை வழியிலேயே பிடித்துக்கொண்டார். அண்ணன் புது வலையின் நீளத்தைக் குறைத்து, கண்ணையும் பெரிதாக்கச் சொல்லி வாங்கினாராம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாராம் இவர். இன்று காலை ஒரு பெரிய மீன் உயிரோடு மாட்டியிருக்கிறது.

“உங்க அண்ணனுக்கு என்னம்மா ஆச்சு? புது வலைய கத்தியால அறுத்து அத விட்டுட்டார்.”

வீட்டு முற்றத்தில் வலை விரிந்து கிடந்தது. அண்ணன் நூல் கோத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த மீனை விட அறுத்த ஓட்டைக்குள் நீட்டிப் படுத்துப் பார்த்தேன். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இன்னும் இடம் இருந்தது.