கையை உயர்த்திப் பார்த்த படம்

மார்ச் 3

அன்பு மருமகளுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை, அது என் பேச்சைக் கேட்டு நாளாகிறது. நீ எப்படி இருக்கிறாய்? உன் போன கடிதம் ஒரே பக்கத்தோடு நின்றுவிட்டது. இப்படியே போனால் அடுத்த முறை வெறும் கவர்தான் வரும் போலிருக்கிறது. போனில் பேசலாமே என்பாய். ஆயுசு முழுக்க பஸ் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவன் காதுக்கு எந்தப் போன் கேட்கும்? எழுது. எழுதினால் அலுக்கும்வரை படித்துக்கொள்ளலாம்.

இங்கே எங்கள் சபையே சினிமாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த கதையைப் புதிதாகப் படம் எடுத்திருக்கிறார்கள். அடியும் ரத்தமும் தாங்க முடியவில்லையாம். தியேட்டர் பக்கமே போகக்கூடாது என்று வருஷக்கணக்காகப் பிரசங்கம் செய்த போதகரே இப்போது வாசலில் நின்று ஆள் சேர்க்கிறார். சபை வேனை ஓட்டுவது நான்தானே. பகல் காட்சிக்கு ஒவ்வொரு குழுவாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வெளியே வேனிலேயே உட்கார்ந்திருந்து திரும்பக் கூட்டிவருகிறேன். அதனால் நான் பார்ப்பது படத்தை இல்லை, பார்த்தவர்களின் முகத்தை.

முதலில் மாதர் சங்கம் போனது. போகும்போது வேனில் ஒரே கச்சேரி. திரும்பும்போது மூச்சுப் பேச்சில்லை. ஒரு அம்மா மட்டும், "சாட்டை நுனியில கொக்கி வச்சிருந்தானுங்கண்ணே, கொக்கி" என்று தன் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்து வாலிபர் சங்கம். ஒருத்தன் வெளியே வந்ததும் வேன் டயர் பக்கத்திலேயே வாந்தி எடுத்தான். மற்றவர்கள் அந்த ரத்தம் எதில் செய்தது என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். பாடகர் குழுவில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர் உண்டே, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு பழையபடி ஆளுக்கொரு மூலை.

ஞாயிறு பள்ளி டீச்சர் பாதியிலேயே எழுந்து வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். "இதத்தானா அண்ணே இத்தன வருஷமா புள்ளைங்களுக்குக் கதையா சொல்லிட்டிருந்தேன்?" என்று என்னைக் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

நீங்கள் ஏன் உள்ளே வருவதில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேனுக்குக் காவல் வேண்டாமா என்று சமாளிக்கிறேன். உனக்குத் தெரியும். அன்று ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே விடாமல் நான் மட்டும் போய், துணியை விலக்கிப் பார்த்து, ஆமாம், லாரி மோதியது என் பையன்மேல்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குமேல் ஒரு பிள்ளையின் உடம்பில் காயம் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டில் பேச்சுத் துணை ரேடியோதான். கொஞ்ச நாளாக அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். பயப்படாதே, அது திரும்பப் பேசினால் உனக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மாமா

மார்ச் 17

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே, கொடுக்கிறீர்களா, இல்லை வழக்கம்போல என் வாயை அடைக்க ஆமாம் என்று எழுதப்போகிறீர்களா?

இங்கே நான் துணி துவைக்கும் முதியோர் இல்லத்தில் துணி உலர்த்தும் மெஷின் கெட்டுப்போய்விட்டது. படுக்கை விரிப்புகளை நடைவழி முழுக்கக் கொடி கட்டிக் காயப்போட்டிருக்கிறேன். ஒரு பாட்டி அதற்குள் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். உள்ளே நல்ல வாசனையாக இருக்கிறதாம்.

நீங்கள் சொன்ன அந்தப் படத்துக்கு நானும் போனேன், மாமா. இங்கே யாரும் வாய்விட்டு அழவில்லை. பாதி நாற்காலி காலி. எனக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி, ஆணி அடிக்கும்போதுகூட நிறுத்தாமல் பொட்டலத்திலிருந்து எடுத்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். முதலில் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் பாவமாக இருந்தது. கையை நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயமோ என்னவோ. பெற்ற தாய் ஓடிவந்தும் பிள்ளையிடம் போகமுடியாமல் கூட்டத்துக்கு வெளியே நிற்கிற இடத்தில் என்னால் அடக்க முடியவில்லை. என்னை வெளியே நிறுத்திச் சாத்திய அந்தக் கதவு ஞாபகம் வந்துவிட்டது. அவ்வளவு பேரில் நான் ஒருத்திதான் சத்தமாக அழுதேன்.

பக்கத்தில் எங்கள் இல்லத்துச் சமையல்காரர் உட்கார்ந்திருந்தார். அழாதே என்று சொல்லவில்லை. மடியிலிருந்து நழுவிய என் பையை எடுத்து, நான் முடிக்கும்வரை வைத்திருந்தார். அவ்வளவுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். நல்ல மாதிரி. அதிகம் பேசமாட்டார். எனக்கும் பிடித்திருக்கிறது. உங்கள் பையனை மறந்துவிட்டேன் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். வேலை முடிந்து அறைக்கு வந்து, ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தால் சுவர் தெரிகிறது, மாமா. வேறு ஒன்றும் தெரிவதில்லை. என் கடிதம் சின்னதாகிப் போனதற்கும் இதுதான் காரணம். இதை மறைத்துக்கொண்டு வேறெதுவும் எழுத வரவில்லை.

நீங்கள் சம்மதித்தால்தான் இது நடக்கும். நீங்கள் வேண்டாம் என்றால் இதோடு விட்டது. உங்களைத் தொலைத்துவிட்டு எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

மார்ச் 29

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் வாழ்க்கை, உன் இஷ்டம். இதில் என் சம்மதம் எதற்கு? நான் யார்? பையன் போன அன்றே சொந்தமும் போயிற்று. எனக்கு அது உறைக்க இவ்வளவு நாளாயிற்று, அவ்வளவுதான்.

ஒத்தடம் கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தாய். வெந்நீர் வைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தால் கொடுத்துக்கொள்ள மாட்டேனா?

இனி உனக்கு எழுத நேரம் இருக்காது. சிரமப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
வேன் டிரைவர்

ஏப்ரல் 20

என் அன்பு மருமகளுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் எழுதிய லட்சணத்துக்கு எப்படி வரும்? தபால்காரரைத் தெருமுனையிலேயே மடக்கிக் கேட்கிறேன். என்னைக் கண்டாலே இப்போது அவர் சைக்கிளை வேறு சந்தில் திருப்பிவிடுகிறார்.

நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

தியேட்டரில் படம் மாறப்போகிறது என்று கடைசியாக ஒரு வேன் போனது. போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, சபையில நீங்க ஒருத்தர்தான் பாக்கி. வேனை யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். சபைப் பொருளாளருக்கும் போதகரின் சம்சாரத்துக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். எழுந்து ஓடவும் வழியில்லை.

படம் ஏதோ பழைய பாஷையில் இருக்கிறது. கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது. சாட்டையை எடுத்ததும் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். கண்ணை மூடலாம் என்றால் அந்தச் சத்தம் என் செவிட்டுக் காதுக்குக்கூடக் கேட்கிறது. அதனால் ஒன்று செய்தேன். கையை நீட்டி, உள்ளங்கையால் படத்தை மறைத்துக்கொண்டு, கீழே ஓடுகிற எழுத்தை மட்டும் படித்தேன். வலது கை வலித்தால் இடது கை.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன், போதகரின் சம்சாரம் கையை உயர்த்திக் கண்ணீர் விடுகிறார். பொருளாளரும் உயர்த்தியிருக்கிறார். பின்வரிசை மொத்தமும் கையைத் தூக்கியிருக்கிறது. நான் படத்தை மறைத்ததை, ஆவியில் நிறைந்து ஆண்டவரைத் துதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் கையை மாற்றினால் அவர்களும் மாற்றுகிறார்கள்! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லலாம். ஆனால் எழுத வேண்டாம் என்று நானே எழுதிவிட்டேனே. சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று. அவ்வளவு கூட்டத்தில் என்னைப் போலத் தனியாக யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், அம்மா.

உயிர் போகிற நேரத்தில் கீழே எழுத்து வந்தது. நமக்குத் தெரிந்த வசனம்தான், எத்தனையோ முறை கேட்டதுதான். கீழே நிற்கிற அம்மாவிடம், கூட இருந்த சீஷனைக் காட்டி, இனி இவன்தான் உனக்கு மகன் என்கிறார். அவனிடம், இனி இவள் உனக்கு அம்மா என்கிறார். அவ்வளவு வலியிலும் பெற்றவளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். என் கை தானாக இறங்கிவிட்டது. திரையில் அந்த முகத்தை அப்போதுதான் பார்த்தேன். நம் பையன் ஜாடை கொஞ்சமும் இல்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பும்போது வேனில் எல்லோரும் அடியைப் பற்றியே பேசினார்கள். இந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை.

நம் பையனுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. என்னை உன்னிடம் ஒப்படைத்தானா, உன்னை என்னிடம் ஒப்படைத்தானா, ஒன்றும் சொல்லாமல் ரோட்டில் போய்விட்டான். நீ என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதம் சின்னதானால்கூடக் கோபப்பட்டேன். அவனுக்கு ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று வேனை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்து யோசித்தேன். அப்பா, இனிமேல் இவ உங்க பொண்ணு என்றுதான் சொல்லியிருப்பான். அவன் அப்படிப்பட்டவன். பெண் என்று ஆனபிறகு, தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிட என்று எந்த அப்பன் சொல்வான்?

சம்மதம் கேட்டாயே, கொடுத்துவிட்டேன். முழு மனசோடா என்று கேட்டால், முக்கால் மனசோடு. மீதிக் கால் வர நாளாகும். அதுவரை நீ காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மாமா

மே 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் துணி மடிக்கும் மேஜையில் வைத்துப் படித்தேன். கை மாற்றிய இடத்தில் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் சிரிக்க முடியவில்லை.

ஆனால் மாமா, உங்களுடைய அந்தக் குட்டிக் கடிதம் வந்த அன்றைக்கே அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். "வீட்ல ஒத்துக்கலைங்க" என்றேன். "வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டார். "மாமா இருக்காரு" என்றேன். "அப்ப சரி, பெரியவங்க மனசு நோகக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போது காலை வேலைக்கு மாற்றிக்கொண்டார். நான் வரும்போது அவர் கிளம்பிவிடுகிறார். சமையலறைக் கதவில் அவருடைய ஏப்ரன் தொங்குவது மட்டும் தெரியும். அது அழுக்கானால் என்னிடம்தான் வருகிறது. துவைத்து மடித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் மாமா மனசு மாறிவிட்டார் என்று எந்த முகத்தோடு போய் நிற்பேன்? விட்டுவிடுங்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. நான் பார்த்துக்கொள்வேன். உங்களுக்கு எழுத எனக்கு வேண்டிய நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

மே 19

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபம் இருக்கட்டும். நியாயமான கோபம். அதைப் போக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

இதோடு இன்னொரு கவர் வைத்திருக்கிறேன். அவருக்கு எழுதியது. முகவரி தெரியாது, அதனால் நீதான் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒருநாள் சீக்கிரமாக எழுந்து காலையிலேயே போ. எந்த முகத்தோடு போவேன் என்று கேட்டாய். தபால்காரர் முகத்தோடு போ. அவர்களுக்கு என்ன வெட்கம்?

உள்ளே என்ன இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. வேண்டாம் என்று சொன்னது அவள் இல்லை, நான், அதுவும் வயிற்றெரிச்சலில் என்று எழுதியிருக்கிறேன். எங்கள் பெண்ணை உங்களுக்குக் கொடுக்க விருப்பம், தயவுசெய்து மறுபடி யோசியுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பெண் வீட்டுக்காரன் கேட்டு நிற்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மூன்று தாள் கிழித்துப்போட்டு எழுதினேன், கையெழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்.

ஒன்று மட்டும் நீ எழுதவில்லை. அவருக்கு அப்பா இருக்கிறாரா? இருந்தால் இனி அவர்தான் உனக்கு மாமா. என்னையும் நீ அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பெரியவருக்குச் சங்கடமாக இருக்கும், வெளியே சொல்லமாட்டார். அதனால் அந்தப் பேரை அவருக்குக் கொடுத்துவிடு. இந்த உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட நீ ஒருத்திதான் இருந்தாய். கொடுப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கொடுத்துவிடு.

எனக்கு என்ன பேர் என்று நீயே யோசித்து எழுது. அது தெரியும்வரை கீழே என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,