கையெழுத்துக்குப் பதில் ரேகை

வியாழன், இரவு

வார்டு உறுப்பினரான பிறகு இன்றுதான் எனக்கு முதல் கூட்டம். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கென்றே இங்க் பேனா வாங்கியிருந்தேன். இடது கையால் எழுதத் தொடங்கியதும் பேனா முள் தாளைக் குத்தியது, இங்க் வரவில்லை. உதறினேன், கொட்டியது. அதன் மேலேயே என் கை தேய்ந்து பெயர் முழுக்க நீலக் கறையாகிவிட்டது.

ஊராட்சிச் செயலர் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். "ரேகையே வச்சிடுங்கம்மா, எல்லாரும் காத்திருக்காங்க." பின்னால் யாரோ சிரித்தார்கள். வைத்துவிட்டேன். பட்டப்படிப்பு படித்தவள் நான். ஏன் வைத்தேன்?

நேராகப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறி, பேனா வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை எழுதச் சொல்லிப் பார்த்தார்.

"பேனா மேல தப்பு இல்லைங்க. இடது கைங்கிறதால நீங்க முள்ளைத் தள்ளி எழுதுறீங்க, அதான் குத்துது. பேப்பரை வலப்பக்கம் சாய்ச்சுக்கிட்டு, கையைக் கோட்டுக்குக் கீழ வச்சு, அழுத்தாம எழுதுங்க."

எழுதினேன். சுத்தமாக வந்தது. சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செயலருக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு வந்து ரேகைக்குப் பக்கத்துல கையெழுத்துப் போடுறேங்க."

"அதான் முடிஞ்சிபோச்சேம்மா."

"எனக்கு முடியலைங்க."

"சரிம்மா, பத்து மணிக்குள்ள வந்துடுங்க" என்றார்.

இந்த டைரியின் எதிர்ப்பக்கத்தில் என் பெயரைப் பத்துத் தடவை எழுதிப் பார்த்தேன். ஒன்பது சரியாக வந்தன. ஒன்று தேய்ந்துவிட்டது. நாளைக்கு வரப்போவது எதுவோ.