உன் கப்பலை மறித்தவர்களில் நானும் ஒருத்தி

அன்பு மகன் லுடோவிக்குக்கு அம்மா எழுதுவது. நீ எந்தக் கடலில் இருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் இருமல் ஒன்றைத் தவிர நலம்தான்.

மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், காகிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பாரு. யார் யாரோ சொல்லி உன் காதுக்கு வந்திருக்கும், என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் மர்செய் துறைமுக வாயிலில் உன் கப்பலை மறித்தவர்களில் நானும் ஒருத்தி. நீ சமைக்கிற கப்பல் என்று தெரிந்தேதான் போனேன்.

கோடை வந்தால் நம் எஸ்தாக் மேட்டில் துணி காயப்போட முடிவதில்லை, கரையில் கட்டி நிற்கும்போதும் கப்பல்கள் எஞ்சினை அணைப்பதில்லை, வெள்ளை விரிப்பில் கை வைத்தால் கரி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன குளிர்காலத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியபோது, சிகரெட் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். "குடிக்கிறது கப்பல் டாக்டர், இருமுறது நான்" என்றார் அப்பா. டாக்டர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே கீழ்வீட்டு சகினா நடத்தும் கூட்டத்துக்குப் போனேன். அவள் பால்கனியில் புகை அளக்கும் கருவி இருக்கிறது, காலையும் மாலையும் அதைப் பார்த்துக் குறித்து வைப்பது இப்போது என் வேலை. நாங்கள் கேட்பது ஒன்றுதான், கரையில் நிற்கிற நேரம் கரை மின்சாரத்தை வாங்கிக்கொள், எஞ்சினை அணை.

அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. "பெத்த பிள்ளை சோத்துலயே மண்ணை அள்ளிப் போடப் போறியா" என்று கத்தினார். சகினாகூட "அக்கா, இன்னைக்கு வர்றது உங்க பையன் கப்பல், நீங்க வீட்டுல இருங்க" என்றாள். ஊரார் பிள்ளை வேலை செய்கிற கப்பல் என்றால் மறிப்பேன், என் பிள்ளை கப்பல் என்றால் வீட்டில் உட்கார்ந்திருப்பேனா என்று கேட்டுவிட்டுத் துடுப்புப் படகில் ஏறினேன். மொத்தம் பதினான்கு படகு. கப்பல் சங்கு ஊதியபோது காதைப் பொத்திக்கொண்டேன். மேல்தட்டில் இருந்த சுற்றுலாப் பயணிகள் ஏதோ வரவேற்பு என்று நினைத்துக் கையசைத்தார்கள். நான் கீழ்வரிசைச் சன்னல்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், எதில் இருந்தாய் கண்ணா?

ஒரு மணி நேரம் கழித்துப் போலீஸ் படகு எங்களைக் கரைக்கு இழுத்து வந்தது. அங்கே அப்பா துண்டும் காய்ந்த செருப்புமாக நிற்கிறார்! ஒரு வார்த்தை திட்டவில்லை. மேடேறும்போது மட்டும், "நாமளாவது சன்னலைச் சாத்திக்கலாம், அவன் அந்தப் புகைக்கூண்டுக்குக் கீழதானே தினமும் தூங்குறான்" என்றார். இப்போது அவரும் கூட்டத்துக்கு வருகிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில். துறைமுகத்தார் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள், இரண்டு இடத்தில் மின்சாரம் தருகிறோம் என்றார்கள், தேதி சொல்லவில்லை. சொல்லும்வரை நாங்களும் விடுவதாக இல்லை.

என்னால் உன் வேலைக்கு ஏதாவது வந்ததா? யாராவது குத்திப் பேசினார்களா? அதை மறைக்காமல் எழுது. மறித்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், உன்னிடம் முதலில் சொல்லாமல் போனதற்குக் கேட்கிறேன், அது என் தப்புதான்.

அடுப்புச் சூட்டில் நிற்கிறாய், தண்ணீர் நிறையக் குடி. கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், என் ஆசியும் முத்தமும் எப்போதும் உனக்கு. ஆகஸ்ட் பதினேழு மறுபடி இங்கே வருகிறாய், மறக்காதே, கோபம் இருந்தாலும் இறங்கி நேரே வீட்டுக்கு வா. கடலைமாவு பனீஸ் பொரிக்க அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். உன் கப்பல் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் கரை சேரும், அதற்குத் தகுந்தபடி எண்ணெய் காய வைக்கச் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
நிக்கோலெட்