சிஸ்டர் கோரலும் இருபத்துநாலு அறைகளும்

தண்ணீர்மலையான் துணை

லிட்கம், சிட்னி
18.6.1978, ஞாயிறு

அன்புள்ள மகள் கிரிஜாவுக்கும் மருமகன் நித்தியானந்தனுக்கும் அம்மா எழுதுவது. நான், கொண்ணன் இந்திரகுமார், அண்ணி யோகா, மூண்டு பேரும் இந்த ஜூன் மாதக் குளிரிலும் சுகமாய் இருக்கிறம், நீங்களும் பினாங்கில் ஒரு தலையிடி காய்ச்சல் இல்லாமல் இருக்க அந்தத் தண்ணீர்மலை முருகன் பார்த்துக்கொள்ளுவான். செவ்வாய்க்கிழமை நான் அடிச்ச தந்தியைக் கண்டு முதலில் பயந்திருப்பாய், தந்தி எண்டாலே எங்கடை ஆக்களுக்கு ஆரோ போட்டினம் எண்ட நினைப்புத்தானே. ஒருத்தரும் போகேல்லைப் பிள்ளை. திங்கள் ராணியின்ரை பிறந்தநாள் லீவு எண்டு போஸ்ட் ஒபீஸ் பூட்டு, அண்டைக்கு முழுக்க வீட்டுக்குள்ளை நடந்து திரிஞ்சு போட்டு செவ்வாய் காலமை கதவு திறக்க முதலே போய் நிண்டு, கையெழுத்து வைக்க வேண்டாம், கடிதம் வருகுது எண்டு அடிச்சுவிட்டனான். பிறகு ஏன் அஞ்சு நாள் சுணங்கினனீ எண்டு கேட்பாய், அரைகுறைச் செய்தி எழுதி உனக்கு ஆசை காட்டக்கூடாது, எல்லாம் உறுதியாகட்டும் எண்டுதான் இருந்தனான். இப்ப உறுதி. ஹோட்டலை விக்கத் தேவையில்லை. ஓகஸ்ட் கடைசியில் தொடங்கி இரண்டு கிழமைக்கு உங்கடை இருபத்துநாலு அறையும் நிரம்பப் போகுது, வாறவையின்ரை பேர் எல்லாம் எழுதி இந்தக் கடிதத்தோடை வைச்சிருக்கிறன். நடந்ததை முதலில் இருந்து சொல்லுறன், ஆறுதலாய் இருந்து வாசி.

நீ ரீச்சர் வேலையை விட்டுப்போட்டு, கொப்பர் கட்டின வீட்டையும் ஈடு வைச்சு, தெலுக் கும்பார் கடற்கரையில் ஹோட்டல் வாங்கப் போறம் எண்டு எழுதேக்கை நான் எழுதின பதில் உனக்கு மறந்திருக்காது, எனக்கும் மறக்கேல்லை. நாங்கள் உத்தியோகக் குடும்பம், படுக்கை வாடகைக்கு விட்டுப் பிழைக்க எங்களுக்கு என்ன தெரியும் எண்டு கொதிச்சு எழுதினனான். தம்பி நித்திதான் பொறுமையாய் விளங்கப்படுத்தினவர், பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயத்தில் தொழிற்சாலைக்கு மேலை தொழிற்சாலை திறக்குது, வரியில்லாமல் சாமான் இறக்கிப் பொருத்தித் திரும்ப ஏத்திவிடுற கொம்பனியள் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்து இஞ்சினியர்மாரை அனுப்புது, அவை தங்கக் கிட்டடியில் ஒரு நல்ல இடம் இல்லை, இந்தத் தீவில் இனிக் காசு போடுறதெண்டால் அறையிலும் வாகனத்திலும் படகிலும்தான் போடவேணும் எண்டு. அவர் போட்ட கணக்கில் பிழையில்லை. ஆனால் வடக்குக் கரையில் இருக்கிற பெரிய ஹோட்டல்காரர் நீச்சல் தடாகத்தையும் பஸ்சையும் காட்டி அந்த இஞ்சினியர்மாரை மொத்தமாய் ஒப்பந்தம் பேசிக் கொண்டு போட்டினம், எங்கடை அறையள் வெறுமையாய்க் கிடக்குது, இப்ப அவையளே வந்து ஹோட்டலை அரை விலைக்குக் கேக்கினம், ஜூன் முப்பதாம் திகதி கையெழுத்து எண்டு மே மாதம் நீ எழுதினாய். அந்தக் கடிதத்தில் ஒரு இடத்தில் எழுத்து நனைஞ்சு மை பரவிக் கிடந்தது. வழியில் மழைத்தண்ணி பட்டிருக்கும் மாமி எண்டு யோகா சொன்னவ. நான் உன்னைப் பெத்தவள், எனக்குத் தெரியும் அது என்ன தண்ணி எண்டு.

அதுக்கு இரண்டாம் நாள் உனக்கு ஒரு சீலையும் நித்திக்கு இரண்டு சேட்டும் பார்சல் கட்டிக்கொண்டு போஸ்ட் ஒபீசுக்குப் போனனான். இஞ்சை கவுண்டரில் நிக்கிறவை சீலை உடுத்தவளைக் கண்டால் காது கேளாத மனிசிக்குச் சொல்லுற மாதிரி ஒவ்வொரு சொல்லாய் உரத்துச் சொல்லுவினம், அண்டைக்கும் அப்பிடித்தான் அந்தப் பெடியன் பினாங் எங்கை இருக்குது எண்டு இரண்டு தரம் கத்திக் கேட்டவன். எனக்குப் பின்னாலை நிண்ட வெள்ளைக்கார மனிசி ஒருத்தி, நாங்கள் மூண்டு வருசம் அங்கை இருந்தனாங்கள், என்ரை மகன் அங்கைதான் பிறந்தவன் எண்டா. உனக்குத் தெரியும்தானே, அக்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் வேலை செய்த அவுஸ்திரேலியர் குடும்பங்களைத் தீவில் வாடகைக்கு இருத்தி வைச்சிருந்தவை, அவையின்ரை பிள்ளையள் எத்தினை பேர் எங்கடை பிள்ளைப்பேற்று மனையில் என்ரை கையில் பிறந்தது. நான் அந்த மனையின்ரை பேரைச் சொன்னன். அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுத் திரும்பவும் பார்த்தா. பிறகு மெல்லமாய், "சிஸ்டர் கோரல்?" எண்டு கேட்டா. என்ரை பேர் பவளம் எண்டு அவையளுக்கு வாயில் வராது, அர்த்தம் கேட்டு அந்தப் பேரைத்தானே வைச்சவை. இருபது வருசத்துக்குக் கிட்ட அந்தப் பேரை ஒருத்தரும் சொல்லி நான் கேக்கேல்லைப் பிள்ளை. போஸ்ட் ஒபீஸ் வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிக்க அவ என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. பேர் மொரீன். ஐம்பத்தொன்பதாம் ஆண்டு ஒரு மத்தியானம், டொக்டர் அக்கரையில் ஃபெரிக்குக் காத்துக்கொண்டு நிக்க, கால் முன்னுக்கு வந்த பிள்ளையை நான் தனிய எடுத்தனான் எண்டு உங்களுக்குச் சொல்லியிருக்கிறன், அந்தப் பிள்ளை இவவின்ரைதான். இப்ப அவன் ஆறடி உயரம், எலெக்ட்ரிக் வேலை பழகுறான்.

தேத்தண்ணி குடிக்கக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் அவ சொன்ன ஒரு கதைதான் என்னை நிமிர்ந்து இருக்க வைச்சது. அந்தக் காலத்தில் பட்டர்வொர்த்தில் இருந்த குடும்பங்கள் ஒரு சங்கமாய்ச் சேர்ந்து, பள்ளிக்கூட லீவில் எல்லாருமாய்ப் பினாங்குக்குப் போய் பிள்ளையளுக்கு அவை பிறந்த இடத்தைக் காட்டுறது எண்டு திட்டம் போட்டிருக்கினமாம், ஜூன் பத்தாம் திகதி சனிக்கிழமை மத்தியானம் கூட்டம், அண்டைக்கு ஹோட்டல் முடிவு செய்யினமாம். எந்த ஹோட்டல் எண்டு கேட்டன். சொன்னா. உங்களை அரை விலைக்குக் கேட்ட அதே ஹோட்டல்.

நான் கூட்டத்துக்குப் போகவேணும் எண்டு சொல்ல இந்திரகுமார் முதலில் ஒத்துக்கொள்ளேல்லை. அம்மா, அது படைக்காரரின்ரை கிளப், நாங்கள் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறதோ எண்டவர். ஆனால் சனிக்கிழமை காலமை தானே காரைத் துடைச்சு வைச்சிருந்தவர். மண்டபத்தில் அறுபது பேர் வரும். பயண ஏஜென்ற் ஒருத்தர் கோட் போட்டுக்கொண்டு வழுவழுப்பான படப் புத்தகம் எல்லாருக்கும் குடுத்து முடிச்சிட்டார், ஒவ்வொரு பக்கத்திலும் நீச்சல் தடாகம். மொரீன் எழும்பி என்னை ஆர் எண்டு சொல்லி, இவவின்ரை மகளும் அங்கை ஒரு ஹோட்டல் நடத்துறா எண்டும் சொன்னா. உடனை அந்த ஏஜென்ற் நல்ல மரியாதையாய்த்தான் கேட்டார், உங்கடை மகளின்ரை ஹோட்டலில் நீச்சல் தடாகம் இருக்கோ எண்டு. இல்லை எண்டன். லிஃப்ட் இருக்கோ எண்டார். இரண்டு மாடிதான், லிஃப்ட் இல்லை, முழங்கால் ஏலாதவைக்குக் கீழ் அறை தருவினம் எண்டன். கடல் எப்பிடி எண்டு பின்னாலை இருந்த ஒரு ஆள் கேட்டார், கடல் வத்துற நேரம் சேறு தெரியும், அந்த நேரம் குளிக்க இறங்காதேங்கோ, நண்டு பிடிக்கிறதைப் பாருங்கோ எண்டன். ஆக்கள் சிரிச்சினம். கொண்ணன் கதிரையில் நெளியிறார், இந்த மனிசி உள்ள வியாபாரத்தையும் கெடுக்குது எண்டு நினைச்சிருப்பார். நான் பொய் சொல்லுறேல்லை, வலி வந்த பெட்டைக்கு இன்னும் நாலு மணித்தியாலம் இருக்குது எண்டால் நாலு மணித்தியாலம் எண்டு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். பிறகு சொன்னன், படுக்கை விரிப்பு ஒவ்வொரு நாளும் மாத்துவினம், குசினியில் என்ரை மகள் தானே நிப்பாள், விலாசம் தந்தால் நீங்கள் அப்ப குடியிருந்த வீட்டு வாசலுக்கே என்ரை மருமகன் ஹோட்டல் வானை ஓட்டிக் கூட்டிக்கொண்டு போவார் எண்டு. விலை கேட்டவைக்கு நீ முந்தி அனுப்பின விலை அட்டையைக் கொண்ணன் எழும்பி வடிவாய் வாசிச்சவர்.

அப்பவும் சிலர் யோசிச்சினம். தெரியாத ஹோட்டலை எப்பிடி நம்பிறது எண்டு சங்கச் செயலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். மொரீன்தான் திரும்பவும் எழும்பினா. "என்ரை பிள்ளைக்குக் கால் முன்னுக்கு வந்தது. டொக்டர் இல்லை. இந்த மனிசி சத்தம் போடாமல் அவனை உயிரோடை எடுத்து என்ரை நெஞ்சில் வைச்சவ. இவ அறை சுத்தம் எண்டு சொன்னால் அறை சுத்தம்." அவ்வளவுதான் சொன்னா. அதுக்குப் பிறகு மற்ற மேசையில் இருந்து ஒருத்தி, என்ரை மூத்தவளும் இவவின்ரை கையில் பிறந்தவள் எண்டா, இன்னொருத்தி எழும்பினா, அவவுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. ஏழு தாய்மார் கிரிஜா. உங்கடை ஹோட்டல் வேணும் எண்டவையைக் கை உயர்த்தச் சொன்னவை, எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கேல்லை. அந்த ஏஜென்றும் நல்ல மனிசன், படப் புத்தகங்களைத் திருப்பி அடுக்கிப்போட்டு வந்து என்ரை கையைப் பிடிச்சு, பிளேன் டிக்கெட்டை நான் செய்யிறன், ஹோட்டல் முற்பணத்தை உங்கடை மகளின்ரை பாங்குக்கு நேரே அனுப்புறன் எண்டவர். வியாழக்கிழமை அனுப்பினதுக்கு ரசீதும் வந்திட்டுது, பிரதியை இதோடை வைக்கிறன். நேற்று முந்தினம் மெல்பேணில் இருக்கிற சங்கத்துக் கிளையில் இருந்து டெலிபோன் வந்தது, தாங்கள் இருபது குடும்பம் டிசம்பரில் வரலாமோ எண்டு கேட்டினம். ஓம் எண்டு சொல்லிப் போட்டன், உன்னைக் கேளாமல் சொன்னதுக்குக் கோவிக்காதை.

உனக்கு மட்டும் ஒண்டு சொல்லுறன். இஞ்சை வந்து இந்த இரண்டு வருசமும் எனக்கு ஒண்டும் குறையேல்லை, கொண்ணனும் யோகாவும் தங்கமாய்ப் பார்க்கினம், ஆனால் நான் ஒரு வேலைக்கும் உதவாமல் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சாமான் எண்ட நினைப்பு மனதில் இருந்தது. அண்டைக்கு மண்டபத்தால் வெளியில் வரேக்கை நான் வேறை மனிசி. காரில் கொண்ணன், அம்மா நீங்கள் இப்பிடி இங்கிலீஷ் கதைப்பியள் எண்டு எனக்குத் தெரியாது எண்டவர். அவருக்கு அப்ப பத்து வயது, பள்ளிக்கூடம், எனக்கு மனையில் வேலை, அவருக்கு எப்பிடித் தெரியும்.

இனிச் சில புத்தி. தம்பி நித்தி, மாமி தந்தி அடிச்சு உங்கடை வியாபாரத்துக்குள்ளை தலை போட்டவ எண்டு நினையாதேங்கோ, வாங்கேக்கை உங்களை நான் நம்பாதது என்ரை பிழை, அந்தப் பிழைக்கு இது பரிகாரம். விலையை ஒரு சதமும் கூட்டவேண்டாம். வானுக்கு ரயர் மாத்துங்கோ. இவை பால் விட்ட தேத்தண்ணியும் வாட்டின பாணும் காலமை ஆறு மணிக்கே கேப்பினம், சம்பல் கேக்கிறவையும் இருக்கினம், உறைப்பைக் கேட்டுப்போட்டுப் போடு. கீழ் அறை ஆர் ஆருக்கு எண்டு பேருக்குப் பக்கத்தில் புள்ளி வைச்சிருக்கிறன். ஆக்கள் வந்து போனபிறகு வலயத்து இஞ்சினியர்மாரைத் தேடித் திரும்பவும் போங்கோ, நிரம்பின ஹோட்டலுக்குத்தான் ஆக்கள் வருவினம். அந்தப் பெரிய ஹோட்டல்காரருக்கு மரியாதையாய் ஒரு கடிதம் எழுதி, விக்கிற எண்ணம் இல்லை எண்டு சொல்லிவிடுங்கோ, ஒரு சொல்லும் கூட எழுதவேண்டாம்.

நீங்கள் இரண்டு பேரும் தீர்க்காயுசாய், கை நிறைய வேலையோடை, ஒருத்தரை ஒருத்தர் தாங்கிக்கொண்டு வாழவேணும் எண்டு என்ரை ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. முப்பதாம் திகதிக்கு முதல் இந்தக் கடிதம் கிடைச்சது எண்டு ஒரு வரி எழுதிப் போடு, மறந்திடாதை. ஒண்டு சொல்ல விட்டுப்போனன், சங்கக்காரர் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திட்டினம், ஓகஸ்ட் இருபத்தாறாம் திகதி அவையளோடை நானும் வாறன். எனக்கெண்டு அறை ஒதுக்கிப் போடாதை, ஒரு அறையும் மிச்சமில்லை. உன்ரை கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் ஒரு பாய் விரி, அது காணும்.

இப்படிக்கு
உங்கள் மேல் அன்பு மாறாத அம்மா
இ. பவளம்