ஆற்று வளைவும் கழுத்து வளைவும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி? தையல் மெஷினை விட்டு அவ்வப்போது எழுந்து நடக்கிறீர்களா?

ஒரு வேடிக்கை. ஆராய்ச்சிக்காக நான் கணினியில் ஓடவிடும் ஆறு போன வாரம் கரையைத் தாண்டி மேடேறிவிட்டது. "உன் ஆத்துக்குக் கால் முளைச்சிருச்சா?" என்று பேராசிரியர் எல்லோர் முன்னும் கேட்டார். ஆற்றைச் சதுரம் சதுரமாகப் பிரித்துத்தான் நீரோட்டத்தைக் கணக்கிடுகிறோம். வளைவில் கரை படிக்கட்டு போலாகி, தண்ணீர் அதில் முட்டி எகிறியது. கரை அரிக்க அரிக்க இன்னும் மோசம்.

ரவிக்கைக் கழுத்து தைக்கும்போது நீங்கள் சொல்வது அப்போதுதான் நினைவுக்கு வந்தது: "வளைவுல துணி முரண்டு புடிச்சா ஓரத்துல நெருக்கமா சின்னச் சின்ன வெட்டு குடு கண்ணு, தானா படியும்." கரையோரம் மட்டும் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டினேன். கரை அரிக்கும்போதெல்லாம் மறுபடி வெட்டினேன். இப்போது ஆறு சமர்த்தாக ஓடுகிறது.

"யாரு சொல்லிக்குடுத்தது?" என்றார் பேராசிரியர்.

"எங்கப்பா. டெய்லர்" என்றேன். ஆய்வறிக்கையில் நன்றி சொல்லும் இடத்தில் முதல் பெயர் உங்களுடையது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒரு சுடிதார் தைத்து அனுப்புங்கள். இடுப்பில் பழைய அளவைவிட இரண்டு அங்குலம் குறைத்துவிடுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். உள்ளே மட்டும் துணி தாராளமாக விட்டு வையுங்கள். வீட்டுக்கு வந்து நாலு நாள் சாப்பிட்டதும் தையலைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் மகள்