மனுவில் என் பேர்

இஞ்சாருங்கோ,

சோறும் மீன்குழம்பும் அடுப்படியில மூடி வைச்சிருக்கிறன். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போறன்.

திருகோணமலையில இருந்து அக்கா எழுதியிருக்கிறா. இலங்கையில இந்த முறை பொம்பிளையளுக்கும் வோட்டாம்! சந்தைக்குப் போகவே அத்தானைக் கேட்கிற அக்கா, மறைப்புக்குப் பின்னால தனிய நிண்டு, தன்ர விருப்பப்படி சீட்டைப் போட்டாவாம். நாலு தரம் வாசிச்சிட்டன். இன்னும் மேல் சிலிர்க்குது.

இந்த மலாயாவிலயே, ஜொகூர்ப் பிரஜையாகிறதுக்கு நீங்கள் எழுதின மனுவில, என்னைக் கேளாமல் என்ர பேரையும் சேர்த்திருக்கிறியள். பிள்ளையளுக்கு இதுதான் ஊர் எண்டு நீங்கள் சொல்றது சரியாயிருக்கலாம். ஆனால் இலங்கைக்காரியாவே இருந்தால் எனக்கும் ஒருநாள் அந்தச் சீட்டுக் கிடைக்குமே! நான் யோசிக்க வேணும். மனுவை றங்குப்பெட்டியில வைச்சுப் பூட்டியிருக்கிறன்.

தையல்நாயகி

குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ. பெட்டித் திறப்பைத் தேடாதேங்கோ, என்ர இடுப்பில இருக்கு.