அம்மாவின் வெள்ளை அத்தி

அன்பு மகள் ராலிட்சாவுக்கு அப்பா டோன்சோ எழுதுவது. நானும் ஆடு இரண்டும் நலம். ஹாம்பர்க்கில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். அம்மா உயிரோடு இருந்தவரை நான் சொல்லச் சொல்ல அவள்தான் உனக்கு எழுதினாள், இது என் கையாலேயே எழுதுவது. வசந்தம் முதல் நூலகத்து ஸ்லாட்கா டீச்சரிடம் எழுதப் படிக்கக் கற்கிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது, ஆனாலும் அத்தனை சந்தோஷம், உன் பெயரைத் தனித்தாளில் இருபது முறை எழுதிப் பார்த்தேன்.

இனி சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். அம்மா கல்யாணத்தன்று கடலோரத்திலிருந்து குச்சியாகக் கொண்டுவந்த வெள்ளை அத்தி நம் ஊர்க் குளிரைத் தாங்காது என்று உனக்குத் தெரியும். அதனால்தானே வருஷா வருஷம் நவம்பரில் இலை கொட்டியதும் அவள் மரத்தை வளைத்துக் குழியில் அழுத்திப் பிடிப்பாள், நான் மண்ணைத் தள்ளி மூடுவேன். அவள் போனபின் வந்த முதல் நவம்பரில் நான் தனியாக நின்றேன். பக்கத்து வீட்டு கேன்சோவைக் கூப்பிட்டிருக்கலாம், அவளுடைய இடத்தில் இன்னொருவர் கை வைப்பதை மனம் ஏற்கவில்லை. நின்றபடியே பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டினேன். கேன்சோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னண்ணே, மரத்துக்கு மழைக்கோட்டு மாட்டுற? உள்ள வேர்த்து வெந்துபோயிடும்ணே!" என்றான். "நீ உன் கறுப்பு அத்தியைப் போய்ப் பாருடா" என்று விரட்டினேன். ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு போனது. மூடாமல் விட்ட அவனுடைய கறுப்பு அத்திக்கு நுனிதான் கருகியது. நான் மார்ச்சில் தாளைப் பிரித்தேன், பட்டை ஈரமாகக் கழன்று கையோடு வந்தது. தரையோடு வெட்டினேன்.

நீ போனில் கேட்டபோதெல்லாம் மரம் நன்றாக இருக்கிறது என்றேன். உன் குரலைக் கேட்டதும் பொய் வந்துவிடுகிறது மகளே. எழுதும்போது வரவில்லை, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி யோசிக்கவேண்டியிருக்கிறதே. என்னை மன்னித்துவிடு.

ஜூன் மாதம் வேரிலிருந்து மூன்று தளிர் வந்தது. இப்போது என் இடுப்புயரம். இந்த வருஷம் காய் இல்லை, அடுத்த வருஷமும் உறுதியில்லை. வளைக்க நன்றாக வளைகிறது. கேன்சோ, "கூப்பிடுண்ணே, வர்றேன்" என்கிறான். ஆனால் நவம்பரில் உனக்கு விடுமுறை கிடைக்குமா? நீ அழுத்திப் பிடி, நான் மண் தள்ளுகிறேன்.

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள். தொப்பி போடாமல் வெளியே போகாதே. கோபமிருந்தால் அதையும் போனில் சொல்லாமல் எழுதியே அனுப்பு, பெரிய எழுத்தாக. யாரிடமும் கொடுக்காமல் நானே வாசிப்பேன்.

உன் அப்பா,
டோன்சோ